பல் போனால் என்ன செய்வது? இம்பிளாண்ட், பிரிட்ஜ், பல் செட் – நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

 

நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்கள் பெரும்பாலும் இருதய ஆபரேஷன், டயாலிசிஸ், பிரசவம் என்றுதான் இருக்கும். சமீப காலமாகப் பல் கட்டுவதற்கு உதவி கேட்டு வரும் மனுக்களும் கூடியிருக்கின்றன. சிலவற்றோடு இணைத்திருக்கும் மதிப்பீட்டுத் தாளைப் பார்த்தால் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம், அதற்கு மேலும் எழுதியிருக்கிறது. சிலர் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டிவிட்டு, மீதிக்கு நம்மிடம் வருகிறார்கள். "வேறு வழி ஏதும் டாக்டர் சொன்னாரா?" என்று கேட்டால், "இம்பிளாண்ட்தான் நல்லது என்றார்கள்" என்பதோடு பதில் முடிந்துவிடுகிறது.

இம்பிளாண்ட் நல்ல சிகிச்சைதான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் போன பல்லுக்கு அது ஒன்றே வழி என்பது உண்மையல்ல. யாருக்கு அது ஏற்றது, யாருக்கு மற்றது ஏற்றது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும். மார்க்க ரீதியாகவும் சில கேள்விகள் வருகின்றன. இரண்டையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஐந்து ஒட்டகம் பெறும் பல்

ஒருவர் இன்னொருவரின் பல்லை உடைத்துவிட்டால் அதற்கு நஷ்டஈடு ஐந்து ஒட்டகங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் நிர்ணயித்ததாக அபூதாவூத் முதலிய நூல்களில் ஹதீஸ் வந்துள்ளது. இதில் கவனிக்க வேண்டியது, முன்பல்லும் கடைவாய்ப் பல்லும் சமம் என்று வந்திருப்பது. சிரித்தால் தெரியும் பல்லுக்கு ஒரு விலை, உள்ளே மறைந்திருக்கும் பல்லுக்கு ஒரு விலை என்று ஷரீஅத் பிரிக்கவில்லை.

நம் வீடுகளில் நடப்பது வேறு. முன்பல் விழுந்தால் மறுநாளே டாக்டரைத் தேடுகிறோம். நிக்காஹ் நெருங்கினால் இன்னும் வேகம். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிப்போட்டால் பத்து வருஷம் ஆனாலும் அந்த இடம் காலியாகவே கிடக்கும். "அதுதான் வெளியே தெரியாதே" என்பது சமாதானம். அந்த இடைவெளி சும்மா இருப்பதில்லை. பக்கத்துப் பல் அந்தப் பக்கம் சாயும். எதிர்த் தாடையில் உள்ள பல், தடுக்க ஆள் இல்லாததால், மெல்ல வெளியே இறங்கும். சாய்ந்த பல்லுக்கு அடியில் உணவு தேங்கிச் சொத்தை விழும். மெல்லுவது முழுவதும் ஒரே பக்கமாகி, அந்தப் பக்கத்துப் பற்களும் தேயும். இரண்டு மூன்று கடைவாய்ப் பல் போனவர்களின் சாப்பாட்டைக் கவனியுங்கள்: கறி, கடலை, காய்கறி, கீரைத்தண்டு எல்லாம் ஒவ்வொன்றாக விலகும். குழைந்த சோறும், டீயில் நனைத்த ரஸ்க்கும், பன்னும் மிஞ்சும். சர்க்கரை நோயாளிக்கு இதைவிடக் கெட்ட பத்தியம் வேறில்லை.

பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பும் கரைகிறது. முதல் ஒரு வருஷத்தில் அந்த இடத்து எலும்பின் அகலம் ஏறத்தாழப் பாதி குறைந்துவிடுகிறது என்றும், அந்தக் குறைவில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிடுகிறது என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே பல் பிடுங்கும்போதே, "இந்த இடத்தில் அடுத்து என்ன செய்யப் போகிறோம்?" என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். பிடுங்காமல் வேர் சிகிச்சை செய்து காப்பாற்ற முடியுமா என்று அதற்கும் முன்னால் கேளுங்கள். அல்லாஹ் தந்த பல்லுக்கு இணையாக எந்தக் கம்பெனியும் இதுவரை ஒன்றும் செய்யவில்லை.

மார்க்கம் அனுமதிக்கிறதா?

பல் கட்டுவது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா என்று வயதானவர்கள் சிலர் தயங்குகிறார்கள். அழகுக்காகப் பற்களை அரத்தால் ராவி இடைவெளி உண்டாக்கிக்கொள்ளும் பெண்களைக் கண்டித்து இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வழியாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் ஹதீஸ் உள்ளதே என்பது அவர்கள் கவலை. அந்தக் கண்டனம் அழகுக்காகச் செய்வது பற்றியது. சிகிச்சைக்காகவோ, பல்லில் உள்ள குறைக்காகவோ செய்வதில் தவறில்லை என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அதன் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

இதற்கு நேரான ஆதாரமாக உலமாக்கள் காட்டுவது அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்களின் சம்பவம். அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் அவர்கள் மூக்கை இழந்தார்கள். வெள்ளியில் மூக்குச் செய்து பொருத்தினார்கள். அது துர்நாற்றம் எடுத்தது. தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஆண்களுக்குத் தங்கம் ஹராம் என்ற சட்டம் இருந்தும், உடல் உறுப்பின் தேவைக்காக அது அனுமதிக்கப்பட்டது. இதை வைத்தே, ஆடும் பல்லைத் தங்கக் கம்பியால் கட்டலாமா என்று நம் இமாம்கள் விவாதித்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் மூக்கு, பல், விரல்நுனி ஆகியவற்றுக்குத் தங்கம் கூடும். ஹனஃபி மத்ஹபில், பல்லுக்கு வெள்ளி போதும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. தங்கமும் கூடும் என்பது இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் கருத்து. இன்று இந்த விவாதம் நமக்குத் தேவைப்படாது. இம்பிளாண்ட் செய்யப்படுவது டைட்டானியம் என்ற உலோகத்தில். மேலே வைக்கும் பல் செராமிக்கிலோ ஸிர்கோனியாவிலோ இருக்கும்.

பல் கட்டும் கலை முஸ்லிம்களுக்குப் புதிதும் அல்ல. ஸ்பெயினின் குர்துபா நகரில் வாழ்ந்து 1013-ஆம் ஆண்டளவில் வஃபாத்தான அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, தம் 'கிதாபுத் தஸ்ரீஃப்' நூலில் ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் பின்னிக் கட்டும் முறையையும், விழுந்த பல்லுக்குப் பதில் மாட்டெலும்பில் பல் செதுக்கி வைப்பதையும் எழுதியிருக்கிறார். பல் சுத்தம் செய்யும் சுரண்டிகளின் படங்களும் அந்த நூலில் உள்ளன. பல் கிளினிக்கில் காரை எடுக்க உட்கார்ந்தவர்கள் அந்தப் படங்களைப் பார்த்தால் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இம்பிளாண்ட் என்பது என்ன?

1952-இல் ஸ்வீடன் நாட்டு டாக்டர் பிரானேமார்க் என்பவர் முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வேலை முடிந்து கருவியைக் கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்துவிட்டது. அந்த எதிர்பாராத நிகழ்வுதான் இன்றைய இம்பிளாண்ட். 1965-இல் கோத்தன்பர்க் நகரில் கோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலில் இப்படிப் பல் பொருத்தினார்கள். அவர் 2006-இல் இறக்கும்வரை, நாற்பது வருஷத்துக்கும் மேலாக, அது வேலை செய்தது.

முறை இதுதான். ஈறைத் திறந்து, தாடை எலும்பில் துளையிட்டு, ஒரு சிறு திருகாணியைப் பொருத்துகிறார்கள். அதன் பருமன் சுமார் 4 மில்லிமீட்டர், நீளம் 10 மில்லிமீட்டர் முன்பின். இதுதான் வேருக்குப் பதில். எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள கீழ்த் தாடையில் சுமார் மூன்று மாதம், மேல் தாடையில் எலும்பு மென்மையாக இருப்பதால் ஆறு மாதம் வரைகூட ஆகலாம். பிறகு ஒரு இணைப்புத் துண்டை மாட்டி, அளவெடுத்து, மேலே பல்லை வைக்கிறார்கள். ஊசி போட்டு மரத்துப்போக வைத்துச் செய்வதால் வலி பெரிதாகத் தெரியாது; பல் பிடுங்குவதைவிட லேசாக இருந்தது என்று சொல்பவர்களும் உண்டு. முறையாகச் செய்து முறையாகப் பராமரித்தால் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் பத்து வருஷம் தாண்டியும் நிற்கின்றன. அக்கம்பக்கத்து நல்ல பற்களைத் தொட வேண்டியதில்லை என்பது இதன் பெரிய லாபம். எலும்பு கரைவதும் அந்த இடத்தில் மட்டுப்படுகிறது.

சிலருக்குப் பல் பிடுங்கிய அன்றே திருகாணி வைத்து, அன்றே தற்காலிகப் பல்லும் வைக்கிறார்கள். "மூன்று நாளில் நிலையான பல்" என்ற விளம்பரம் இதிலிருந்து வந்தது. எலும்பு திடமாக இருந்து, திருகாணி ஆரம்பத்திலேயே இறுகப் பிடித்தால் அது சாத்தியம்தான். எல்லா வாய்க்கும் அது பொருந்தாது.

வளைகுடாவிலிருந்தும் மலேசியா, சிங்கப்பூரிலிருந்தும் விடுமுறையில் வரும் நம் பிள்ளைகள் இந்தக் கால அளவை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். முப்பது, நாற்பது நாள் லீவில் வந்து திருகாணி வைத்துவிட்டுப் போகிறார்கள். மேலே பல் வைக்கும் காலம் வரும்போது ஆள் ரியாதிலோ கோலாலம்பூரிலோ இருக்கிறார். அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. இதற்கிடையில் திருகாணியைச் சுற்றி ஈறு பழுத்தாலும் பார்க்க ஆள் இல்லை. வேறு ஊர் டாக்டரிடம் போனால், "எந்தக் கம்பெனி, என்ன அளவு?" என்பதுதான் அவர் முதலில் கேட்பார். ஒரு கம்பெனியின் திருகாணிக்கு வேறு கம்பெனியின் இணைப்புத் துண்டு பெரும்பாலும் சேராது. கழற்றும் திருப்புளிகூட வேறு. ஆகவே திருகாணி வைத்த அன்றே கம்பெனி பெயர், மாடல், அளவு, லாட் நம்பர் உள்ள ஸ்டிக்கரை ஒரு அட்டையில் ஒட்டி வாங்கி, பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கம்பெனிகளின் டப்பாவிலேயே அந்த ஸ்டிக்கர் இருக்கும். தர மறுக்கும் இடத்தில் எலும்பில் துளையிட ஒப்புக்கொள்ளாதீர்கள்.

யார் பொறுக்க வேண்டும்?

சர்க்கரை இருப்பவர்களுக்கு இம்பிளாண்ட் கூடவே கூடாது என்பது பழைய பேச்சு. கட்டுப்பாட்டில் இருந்தால் செய்யலாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 7 அளவில் இருப்பது நல்லது. 8-க்கு மேல் போனால் பெரும்பாலான டாக்டர்கள் முதலில் சர்க்கரையைக் குறைத்துவிட்டு வரச் சொல்வார்கள். சொல்லாத டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். சர்க்கரை கூடியிருந்தால் புண் ஆறுவது தாமதமாகும். எலும்பு பிடிக்காமல் திருகாணி ஆட்டம் காணும்.

பீடி, சிகரெட், புகையிலை போட்ட வெற்றிலை, ஹான்ஸ் இவற்றை விடாதவர்களுக்கு இம்பிளாண்ட் தோற்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கணிசமாக அதிகம். தமிழக அரசு குட்கா, பான்மசாலாவை 2013-இல் தடை செய்தது. நம் கடைவீதியில் அது இன்னும் கிடைக்காமல் இல்லை. புகையிலையை விடாதவர் ஐம்பதாயிரம் செலவழித்துப் பல் நடுவது, கரை உடைந்த கண்மாயில் தண்ணீர் பாய்ச்சுவது போலத்தான்.

எலும்புத் தேய்மானத்துக்கோ, எலும்பில் பரவிய புற்றுநோய்க்கோ மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் அதைப் பல் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அலெண்ட்ரோனேட், ஸோலெட்ரோனிக் ஆசிட் போன்ற மருந்துகள் எடுத்தவர்களுக்குத் தாடை எலும்பில் துளையிட்டால் அந்த எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து உண்டு. நம் தாய்மார்கள் இதை வெறும் "எலும்பு மாத்திரை" என்று நினைத்துச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வாய், தொண்டைப் பகுதிக்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களும் அப்படியே. இருதயத்துக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் பல்லுக்காக அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. இருதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டும். பதினெட்டு வயது நிறையாத, தாடை வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்குத் திருகாணி வைக்கக் கூடாது. வளரும் தாடையில் அது அமிழ்ந்துபோகும். விளையாடும்போது முன்பல் உடைந்த பையனுக்கு அதுவரை கழற்றி மாட்டும் பல் போதும்.

மற்ற வழிகள்

ஒரு பல், அல்லது அடுத்தடுத்து இரண்டு பல் போனவருக்கு பிரிட்ஜ் என்ற நிலையான பல் கட்டலாம். இரு பக்கத்துப் பற்களையும் ராவிச் சிறிதாக்கி, அவற்றின் மேல் தொப்பி போட்டு, நடுவில் போலிப் பல்லைத் தொங்கவிடுவது. இரண்டு மூன்று தடவை போனால் வேலை முடிந்துவிடும். எலும்பில் கை வைப்பதில்லை. செலவும் பல நேரம் குறைவு. குறை என்னவென்றால், நல்ல பற்கள் இரண்டைப் பலி கொடுக்க வேண்டும். பக்கத்துப் பற்களில் ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்து தொப்பி போட வேண்டிய நிலை இருந்தால், பிரிட்ஜ்தான் புத்திசாலித்தனம். பக்கத்துப் பற்கள் முத்துப் போல் இருந்தால் இம்பிளாண்டுக்குப் பக்கம் சாயலாம். லீவில் வந்த பிள்ளைக்கும் பிரிட்ஜ் யோசிக்கத் தக்கது.

கழற்றி மாட்டும் பல் மூன்றாவது வழி. அக்ரிலிக்கில் செய்வது மலிவு. உலோகச் சட்டத்தில் செய்வது மெல்லியதாகவும் உறுதியாகவும் இருக்கும். இதை ஏழைகளின் பல் என்று ஏளனமாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. நன்றாக அளவெடுத்துச் செய்த செட்டோடு எத்தனையோ பேர் பதினைந்து வருஷம் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

முழுப் பல்லும் போன பெரியவர்களின் விஷயம் தனி. மேல் செட் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்; பெரிதாகத் தொல்லை தராது. கீழ் செட்தான் தகராறு. நாக்கு அசையும்போதெல்லாம் மிதக்கும். பேச்சில் டக் டக்கென்று சத்தம் வரும். கடைசியில் நன்னி அதைத் தண்ணீர் டம்ளரில் போட்டு வைத்துவிட்டு ஈறாலேயே சாப்பிடுவார்கள். இவர்களுக்கு அதிகம் பேசப்படாத ஒரு நடுவழி உண்டு. கீழ்த் தாடையின் முன்பகுதியில் இரண்டே இரண்டு திருகாணி வைத்து, சட்டைப் பொத்தான் மாட்டுவது போலச் செட்டை அதில் மாட்டுவது. 2002-இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், கீழ்த் தாடையில் முழுப் பல்லும் போனவர்களுக்கு முதலில் தர வேண்டிய சிகிச்சை இதுவே என்று அறிவித்தார்கள். செட் ஆடாது, கழற்றிக் கழுவலாம், செலவு முழுத் தாடைக்கும் நிலையான பல் கட்டுவதில் ஒரு பகுதிதான்.

நம் மஹல்லாவில் ஒரு குடும்பத்தில் தாயாருக்கு எட்டு திருகாணி என்று ஒரு கிளினிக்கில் எழுதிக் கொடுத்து, மகன் நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். வேறு ஒரு டாக்டரிடம் காட்டச் சொன்னோம். அவர் பார்த்துவிட்டு, எழுபது வயதைத் தாண்டியவருக்கு இரண்டு போதும் என்றார். எட்டு சொன்னவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. எட்டு வைத்தாலும் பல் நன்றாகத்தான் நிற்கும். ஆனால் அந்தத் தாயாருக்குத் தேவைப்பட்டது கறிச்சோறு மெல்லக்கூடிய வாய். அது இரண்டிலேயே கிடைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

எலும்புத் தூள் பற்றி ஒரு வார்த்தை

இதை நம்மவர்கள் கேட்பதே இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எலும்பு குறைந்த இடத்தில் திருகாணி வைக்க, முதலில் எலும்புத் தூள் நிரப்பி, மேலே மெல்லிய சவ்வு ஒன்றை விரிக்கிறார்கள். இந்தத் தூள் நான்கு வகையில் வருகிறது: நோயாளியின் தாடையிலிருந்தே எடுப்பது, தானமாகப் பெற்ற மனித எலும்பு, மிருக எலும்பு, ரசாயன முறையில் செய்த செயற்கைத் தூள். மிருக வகையில் அதிகம் புழங்குவது மாட்டெலும்பு. பன்றியிலிருந்து எடுத்ததும் சந்தையில் உண்டு. மேலே விரிக்கும் கொலாஜன் சவ்வுகளில் பெயர்பெற்ற சில, பன்றியிலிருந்து எடுக்கப்பட்டவை.

பன்றி விஷயத்தில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஷரீஅத் முறைப்படி அறுக்கப்படாத மாட்டின் எலும்பு பற்றி மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு: ஹனஃபி மத்ஹபில் பன்றி நீங்கலாக மற்ற மிருகங்களின் எலும்பு சுத்தமானது, ஷாஃபிஈ மத்ஹபில் அது நஜீஸ். செயற்கைத் தூளும், சொந்த எலும்பும், மாட்டுச் சவ்வும் கிடைக்கிற காலத்தில் நெருக்கடி என்று சொல்லவும் இடம் குறைவு. எனவே சிகிச்சைக்கு முன்பே டாக்டரிடம், "நான் முஸ்லிம், பன்றிப் பொருள் வேண்டாம், செயற்கைத் தூள் போதும்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எந்த டாக்டரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். சைவ உணவுக்காரர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். தெரியாமல் ஏற்கெனவே வைத்துக்கொண்டவர்கள் பதற வேண்டாம். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் தனியாகக் கேளுங்கள்.

ஒளு, குளிப்பு, நோன்பு

ஒளுவில் வாய் கொப்பளிப்பது இரண்டு மத்ஹபிலும் ஸுன்னத். எந்தப் பல்லையும் கழற்ற வேண்டியதில்லை. கடமையான குளிப்பில் ஹனஃபி மத்ஹபில் வாய் கொப்பளிப்பது ஃபர்ளு. நம் பகுதியில் பெரும்பாலோர் ஹனஃபிகள் என்பதால் இதைக் கவனிக்க வேண்டும். இம்பிளாண்டும் பிரிட்ஜும் கழற்ற முடியாதவை. உடலின் உறுப்புப் போலவே கணக்கு. அதன் மேல் தண்ணீர் பட்டால் போதும். கழற்றி மாட்டும் செட்டைக் கழற்றிவிட்டுக் கொப்பளிக்க வேண்டும். ஜனாஸாவின்போது சுலபமாகக் கழலும் செட்டை எடுத்துவிடலாம். எலும்பில் பதித்ததைப் பிடுங்க முயலக் கூடாது. மையித்தின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பது போன்றது என்ற கருத்தில் ஹதீஸ் உள்ளது.

ரமலானில் திருகாணி வைக்கும் வேலையைத் தள்ளிப்போடுங்கள். மருந்தும் ரத்தமும் தண்ணீரும் தொண்டையில் இறங்கும் சந்தேகம் ஒருபுறம். மூன்று வேளை மாத்திரை ஒருபுறம். அவசர வலி என்றால் இஃப்தாருக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இம்பிளாண்டுக்குச் சொத்தை வராது. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் பழுத்துக் கரையக்கூடும். வலியே இல்லாமல் அது நடக்கும் என்பதுதான் கஷ்டம். மிஸ்வாக்கை விட வேண்டாம். அது போக மென்மையான பிரஷும், பல் இடுக்குக்கென்று விற்கும் சிறு பிரஷும் வேண்டும்; மிஸ்வாக் குச்சி பின்பக்க இடுக்குக்குள் போகாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டுவது அவசியம். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

பணம்

தனியார் இடங்களில் ஒரு இம்பிளாண்டுக்கு மேலே வைக்கும் பல்லோடு சேர்த்து இருபதாயிரத்துக்குக் கீழே கிடைப்பது அரிது. ஐம்பதாயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. சொல்லும் தொகை திருகாணிக்கு மட்டுமா, மேல் பல்லும் ஸ்கேனும் எலும்புத் தூளும் சேர்த்தா என்று எழுதி வாங்குங்கள். பெரும்பாலான சண்டைகள் இந்த இடத்தில்தான் கிளம்புகின்றன.

கையில் காசு இல்லாதவர்களுக்குப் பல கிளினிக்குகளில் பைனான்ஸ் கம்பெனி மூலம் தவணை ஏற்பாடு செய்து தருகிறார்கள். "வட்டியே இல்லை" என்று வாயால் சொல்வார்கள். ஒப்பந்தத்தைப் படித்தால் பிராசஸிங் கட்டணம் என்று ஒன்றும், தவணை தவறினால் வட்டி என்று ஒன்றும் இருக்கும். வட்டியில் கையெழுத்துப் போடுவது எவ்வளவு பெரிய பாவம் என்று நம் ஜமாஅத்துக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கிளினிக்கே நேரடியாக, கூடுதல் தொகை இல்லாமல், தவணையில் வாங்கிக்கொள்வதானால் அது வேறு. அப்படிச் செய்யும் டாக்டர்களும் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். பல் இல்லாமல் மூன்று மாதம் பொறுப்பதால் உயிர் போய்விடாது. அடகுக் கடையில் வைத்த நகை திரும்பாத குடும்பங்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஜகாத் பணத்தில் பல் கட்டலாமா என்று கேட்கிறார்கள். ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழைக்கு ஜகாத்தைக் கொடுக்கலாம். அவர் அதைத் தம் சிகிச்சைக்குச் செலவழிக்கலாம். ஹனஃபி சட்டப்படி அந்தப் பணம் முதலில் அவர் கைக்கு உரிமையாகப் போய்ச் சேர வேண்டும். ஆகவே நாம் கிளினிக்குக்கு நேரடியாகச் செலுத்தாமல், அவரிடமே கொடுத்து ரசீது கேட்கிறோம். மெல்ல முடியாமல் உடல் மெலிபவருக்கு முதலிடம். தோற்றத்துக்காக மட்டும் கேட்கும் மனுக்களை ஜகாத்தில் எடுப்பதில்லை. ஸதகா நிதியில் மிச்சமிருந்தால் பார்க்கிறோம். கல்யாணம் தட்டிப்போகும் என்ற நிலையில் முன்பல் கேட்டு வரும் பெண்பிள்ளையின் மனுவைத் தோற்றம் என்று தள்ளிவிட முடியாது என்பது என் கருத்து. நிர்வாகத்தில் இது பற்றி இரண்டு அபிப்பிராயம் இருக்கிறது.

எங்கே போவது?

அரசு பல் மருத்துவக் கல்லூரி என்றால் முன்பு சென்னைக்கோ சிதம்பரத்துக்கோ போக வேண்டும். 2023 நவம்பரில் நம் மாவட்டத் தலைநகர் புதுக்கோட்டையிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. நம் ஊரிலிருந்து ஒரே பஸ். செயற்கைப் பல் துறை, ஈறு நோய்த் துறை, வாய் அறுவை சிகிச்சைத் துறை என்று தனித்தனித் துறைகள் பல் மருத்துவக் கல்லூரிகளில் உண்டு. கல்லூரி ஆஸ்பத்திரி என்பதால் மாணவர்கள் செய்ய, ஆசிரியர் சரிபார்ப்பார். நேரம் அதிகம் ஆகும். முழுச் செட்டுக்கு நாலைந்து தடவையாவது வரச் சொல்வார்கள். பொறுமையாகப் போய் வருபவர்களுக்கு நல்ல செட் கிடைக்கும். இம்பிளாண்ட் வேண்டுமென்றாலும் தனியாரிடம் போவதற்கு முன் அங்கே ஒரு தடவை காட்டிக் கருத்துக் கேளுங்கள். எந்த வழி ஏற்றது என்று விற்பனை நோக்கம் இல்லாத ஒருவர் சொல்வதற்குத் தனி மதிப்பு உண்டு.

தனியாரிடம் போனால், போர்டில் பி.டி.எஸ். அல்லது எம்.டி.எஸ். பட்டமும் டென்டல் கவுன்சில் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். படிக்காமல், பழக்கத்தில் பல் கட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆடும் பல்லோடு சேர்த்து ஒட்டிவிட்டு, கழற்ற முடியாத செட் என்று கொடுத்துவிடுவார்கள். அடியில் அழுகி, நல்ல பல்லும் போகும். இதற்கு முன் எத்தனை இம்பிளாண்ட் வைத்திருக்கிறார், தோற்றால் திரும்ப வைப்பாரா, அதற்குப் பணம் கேட்பாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கோழி வாங்கும்போது கேட்பதில் பாதியாவது கேட்கலாம்.

பல் சிகிச்சைக்கு நம்மிடம் மனுச் செய்பவர்கள் இனி இரண்டு டாக்டர்களின் கருத்துச் சீட்டை இணைக்க வேண்டும். அதில் ஒன்று அரசு மருத்துவமனையினுடையதாக இருப்பது நல்லது. சர்க்கரை உள்ளவர்கள் சமீபத்திய ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டையும், ஜகாத்தில் கேட்பவர்கள் ஜமாஅத் கடிதத்தையும் சேர்த்துத் தரவும். புதுக்கோட்டைக்கு அழைத்துப்போக ஆள் இல்லாத வயதானவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்தில் பெயர் கொடுத்தால், நாலைந்து பேராகச் சேர்த்து ஒரு வேனில் அனுப்ப ஏற்பாடு செய்கிறோம். பெண்களோடு போக ஒரு சகோதரி வருவார்கள். பழைய செட் இருந்தால் அதையும் கையோடு எடுத்து வரவும். அளவெடுக்க டாக்டருக்கு அது உதவும்.

வஸ்ஸலாம்.
செயலாளர்